காமிரா வாங்கும் முன் யோசிப்போம்: பாடியில் உள்ள வேறுபாடு படத்தில் தெரியுமா?

தராசு வாங்கப் போகும் வியாபாரி முதலில் "எதை நிறுக்கப் போகிறோம்?" என்றுதான் யோசிப்பார். நகைக்கடைக்கு மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். அரிசி மண்டிக்கு மூட்டையைத் தாங்கும் தராசு வேண்டும். விலை அதிகம், ஆகவே சிறந்தது என்று சொல்லி நகைத் தராசில் யாரும் மூட்டையை ஏற்றுவதில்லை. ஆனால் காமிரா வாங்கப் போகும்போது மட்டும் நம்மில் பலர் இந்தக் கேள்வியை மறந்து விடுகிறோம்.

இன்று மளிகைக் கடைக்கும் படம் தேவைப்படுகிறது. விலைப் பட்டியல், பண்டிகைக் காலத் துண்டுப் பிரசுரம், சொந்தமாகப் பாக்கெட் போடுகிறவர்களுக்கு லேபிள் என்று எல்லாவற்றிலும் சரக்கின் படம் இடம் பெறுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் என்றால் கையில் உள்ள செல்போனே போதும். காமிராவுக்குப் பணம் போட வேண்டியதில்லை. அச்சுக்குப் போகும் படங்களை அடிக்கடி எடுக்கிறவர்களுக்காகவே இக்கட்டுரை.

மிரர்லெஸ் என்றால் என்ன?

பழைய எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸ் வழியாக வரும் காட்சியை ஒரு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். படம் எடுக்கும்போது அந்தக் கண்ணாடி விலகும். அந்தக் கண்ணாடி இல்லாததே மிரர்லெஸ். சென்சாரில் விழும் காட்சியே நேராகத் திரையில் தெரியும். 2008-இல் பானசோனிக் நிறுவனத்தின் லூமிக்ஸ் ஜி1 வந்த பிறகு இவ்வகைக் காமிராக்கள் பரவின. 2018-இல் நிக்கானும் கேனானும் தங்கள் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் காமிராக்களைக் கொண்டு வந்தன. எடுக்கப் போகும் படத்தின் வெளிச்சமும் நிறமும் முன்கூட்டியே திரையில் தெரிவது நமக்குப் பெரிய வசதி.

ஒரே அரிசி, இரண்டு பை

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நிக்கான் நிறுவனம் 2019 அக்டோபரில் இசட் 50 என்ற மாடலையும், 2021 ஜூனில் இசட் எஃப்சி என்ற மாடலையும் அறிவித்தது. ஒன்று கறுப்பாக, கைக்குப் பிடிப்பாக இருக்கும். மற்றது பழங்காலக் காமிரா போல மேலே திருகுகளுடன் அழகாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சரக்கு என்றே தோன்றும்.

உள்ளே பார்த்தால் இரண்டிலும் 20.9 மெகாபிக்சல் சென்சார், இரண்டிலும் எக்ஸ்பீட் 6 பிராசசர், இரண்டுக்கும் ஒரே பாட்டரி, ஒரே வகை லென்ஸ். ஒரே ஆலை அரிசியை இரண்டு பைகளில் அடைத்தது போலத்தான். ஒரே லென்ஸைப் போட்டு, ஒரே வெளிச்சத்தில் எடுத்தால் எந்தப் படம் எதில் எடுத்தது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? உண்டு. இசட் 50-இல் ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது, மற்றதில் இல்லை. இசட் எஃப்சியின் திரை பக்கவாட்டில் திறந்து எப்பக்கமும் திரும்பும். இசட் 50-இன் திரை மேலும் கீழும்தான் மடங்கும். இசட் 50-இல் பழைய மைக்ரோ யு.எஸ்.பி. துவாரம், மற்றதில் இப்போது செல்போன்களுக்கு வரும் டைப் சி. இவை கையாளும் வசதியைச் சேர்ந்தவை. மேசையில் சரக்கைப் பரப்பி மேலிருந்து எடுப்பவருக்குத் திரும்பும் திரை உதவும். வசதிக்கு விலை கொடுப்பதில் தவறில்லை. படம் நன்றாக வரும் என்று நினைத்துக் கொடுப்பதுதான் தவறு.

எந்த வேறுபாடு உண்மையில் முக்கியம்?

முதலாவது, மெகாபிக்சல். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் தரமாக அச்சிட 2480-க்கு 3508 புள்ளிகள், அதாவது சுமார் 87 இலட்சம் புள்ளிகள் போதும். 20.9 மெகாபிக்சல் என்பது 2 கோடியே 9 இலட்சம். பிரசுரத்துக்கும் லேபிளுக்கும் இதுவே தாராளம்.

இரண்டாவது, சென்சாரின் அளவு. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். மேலே சொன்ன மாடல்களில் 23.5-க்கு 15.7 மில்லிமீட்டர். பரப்பில் ஏறக்குறைய 2.3 மடங்கு வித்தியாசம். கல்யாண மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் ஓடியாடும் மனிதர்களை எடுக்கும் புகைப்படக்காரருக்கு இது பெரிய வேறுபாடு. நம் பருப்பு மூட்டை ஓடப் போவதில்லை. ஸ்டாண்டில் காமிராவை நிறுத்தி, ஷட்டரை மெதுவாக்கி வேண்டிய வெளிச்சத்தைச் சேர்த்துக் கொள்ளலாம். இன்னொன்று, ஒரே கோணத்தில், ஒரே துவார எண்ணில் எடுக்கும்போது சிறிய சென்சாரில் முன்னும் பின்னும் அதிகத் தூரம் தெளிவாக விழும். வரிசையாக அடுக்கிய பாக்கெட்டுகளுக்கு அது நல்லதே.

மூன்றாவது, ஷட்டர். நம் நாட்டு மின்சாரம் 50 சுழற்சி கொண்டது. ஆகவே டியூப்லைட்டும் பல எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் வேகமாக எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழலாம். இயந்திர ஷட்டரில் 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் இத்தொல்லை பெரும்பாலும் வராது. ஆகவே பாடியில் இயந்திர ஷட்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது பயன் தரும்.

நான்காவது, லென்ஸ் மாட்டும் வாய். நிக்கானுக்கு இசட், கேனானுக்கு ஆர்.எஃப்., சோனிக்கு இ என்று ஒவ்வொன்றும் வேறு. பாடி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். லென்ஸ் நெடுநாள் உழைக்கும். நமக்கு வேண்டிய லென்ஸ் எந்த வாய்க்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பாடியைத் தீர்மானிக்க வேண்டும்.

நாம் பட்ட அனுபவம்

ஒரு பொங்கலுக்கு மிளகாய்த்தூளையும் மஞ்சள்தூளையும் படமெடுத்துப் பிரசுரம் அடித்தோம். மிளகாய்த்தூள் செங்கல் பொடி போல வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கே வந்து, "படத்தில் இருப்பது பழைய சரக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். காமிரா சரியில்லை என்று முடிவு கட்டி, இரண்டு மடங்கு விலையில் புதிய பாடி வாங்க முன்பணம் கொடுக்கும் வரை போய்விட்டோம். ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு பக்கம் மஞ்சள் பல்பு, மறு பக்கம் டியூப்லைட் எரிந்தது. பல்பை அணைத்தார். வெள்ளைத்தாளை வைத்துக் காமிராவில் வெள்ளை நிறத்தைச் சரி செய்தார். அதே பழைய பாடியில் மிளகாய்த்தூள் மிளகாய்த்தூளாகவே வந்தது. குற்றம் நம்முடையது, பழி காமிராவின் மேல் போட்டோம்.

அந்தப் பணம் ஒரு மாத மளிகைக் கொள்முதலில் ஒரு பங்கு. விற்றுத் திரும்பும் சரக்கில் போட வேண்டிய முதலைப் பெட்டிக்குள் பூட்டியிருப்போம்.

வாங்கும்போது கவனிக்க

விலை குறைகிறது என்று பில் இல்லாமல் வாங்காதீர்கள். கடையின் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் வாங்கினால், வழக்கமான முறையில் வரி கட்டுகிறவர்கள் வியாபார உபயோகத்துக்கு வாங்கும் காமிராவின் வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக் கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இச்சலுகை இல்லை. இந்தியாவில் செல்லும் உத்தரவாத அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒதுக்கிய பணத்தை முழுவதும் பாடியில் போடாமல், உறுதியான ஸ்டாண்டு, ஒரே நிறமுள்ள இரண்டு விளக்குகள், நல்ல லென்ஸ் ஆகியவற்றுக்குப் பிரித்து வையுங்கள். மீதியில் கிடைக்கும் பாடி எதுவானாலும் நம் வேலைக்குப் போதும். படத்தில் தெரியும் சரக்கும் பையில் போகும் சரக்கும் ஒன்றாக இருந்தால்தான் வாடிக்கையாளர் மறுபடி வருவார். அந்த நம்பிக்கையைக் கணக்கில் வைத்துக் காமிராவைத் தேர்ந்தெடுப்போம்.