வெட்டும் முன் காயைப் பாருங்கள்

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரி மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்தும் இப்பணிக்குக் கல்லூரி மாணவர்களும் வருகின்றனர்.

குளம் சீர்ப்படுத்தும் பருவ வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் முதலில் பழக வேண்டியது மரத்தை இனங்காண்பதே. சீமைக் கருவேலங்காய் மஞ்சளாக, நீண்டு தட்டையாக இருக்கும். நாட்டுக் கருவேலங்காயோ மணி கோத்தாற்போல் விதைக்கு விதை இடுங்கி, சாம்பல் பூத்திருக்கும். கலப்பைக்கு உதவிய அம்மரத்தைப் பெரியவர்கள் அறிவார்கள்; இளைஞர்களுக்கு இரண்டும் வெறும் முள்!

சீமைக் கருவேலத்தை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். தூரோடு பெயர்க்க வேண்டும். நாட்டுக் கருவேலத்திலோ நாரைகள் கூடு கட்டும். எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகும். கூந்தன்குளத்தில் மணிமுத்தாற்று நீர் வந்தபின் கூடு கட்டும் பறவைகள் கோடைக்குப் பிறகே வெளியேறும். ஆகவே, எந்த மரமானாலும் குஞ்சுகள் பறந்து, கூடு காலியான பிறகே அரிவாளை எடுக்க வேண்டும்.