ஒலிவாங்கியும் ஒஸ்லோவின் 48 வோல்ற்றும்



ஊர் நினைவுகளைச் சொல்லும் முதியவர்களின் குரலை வீட்டிலேயே பதிவுசெய்து எங்களுக்குக் கொண்டுவரும் நேயர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்களில் அநேகர் என்னிடம் கேட்பது, "எந்த மைக் வாங்கினால் நல்லது?" என்பதுதான்.

சில மாதங்களுக்கு முன் ஸ்டோவ்னரில் வசிக்கும் ஓர் அக்கா தன் தாயாரின் பதிவைக் கொண்டுவந்தார். ஒரு மணித்தியாலம் அம்மா கதைத்திருக்கிறார். கைத்தொலைபேசியோ சாப்பாட்டு மேசையின் மறுகோடியில் இருந்திருக்கிறது. குரலைவிட ஃபிரிட்ஜின் இரைச்சலும் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும்தான் கூடுதலாகக் கேட்டன. "கொம்பியூட்டரில் போட்டுத் துப்புரவாக்க ஏலாதா?" என்று கேட்டார். ஓரளவு முடிந்தது. ஆனால் பல இடங்களில் ஆட்களின் பெயரும் ஒழுங்கைகளின் பெயரும் பிடிபடவேயில்லை. அந்த அம்மா இப்போது உயிருடன் இல்லை.

மைக்குக்குள் போகாத குரலை எந்தக் கொம்பியூட்டரும் பிறகு உண்டாக்கித் தராது. ஆகவே மைக்கின் விலையை விசாரிக்க முதல் தூரத்தைப் பாருங்கள். வாயிலிருந்து ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். அறையின் எதிரொலி கூடாது. 1970களில் எழுந்த எங்கள் அடுக்குமாடிகளின் கொங்கிறீற் சுவரும் மரத்தரையும் எதிரொலிக்கு நல்ல தோது. குசினியை விட்டுவிட்டு, கட்டிலும் உடுப்பு அலுமாரியும் தடித்த திரையும் உள்ள அறைக்குக் கதிரையைக் கொண்டுபோங்கள். அம்மம்மாவின் கையில் காப்பு இருந்தால் அன்போடு சொல்லிக் கழற்றி வையுங்கள். அது மைக்கில் மணிபோலக் கேட்கும்.

இனி மைக். பெரும்பாலும் இரண்டு வகையைத்தான் காண்பீர்கள். 'டைனமிக்' என்பது சைக்கிள் டைனமோவின் தம்பி. மெல்லிய தகடு ஒன்று குரலுக்கு அதிர, அதோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்குள் அசைந்து தானாகவே மின்சாரம் உண்டாக்கும். முரட்டுச் சாமான், மேடைக்கு நல்லது. 'கொண்டென்சர்' வகையில் இரண்டு தகடுகள் மயிரிழை இடைவெளியில் இருக்கும். நுண்ணிய ஒலியையும் பிடிக்கும். ஆனால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும்.

அந்த மின்சாரத்தைப் பற்றி எங்கள் நகரத்துக்கு ஒரு பெருமை உண்டு. உலகில் பெரும்பாலான ஒலிக்கலவைக் கருவிகளில் '48வி' என்றொரு பொத்தான் இருக்கும். 1966இல் ஜேர்மனியின் நொய்மான் நிறுவனம் தன் புதிய ட்ரான்சிஸ்டர் மைக்கை நோர்வே ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான என்.ஆர்.கே.க்குக் காட்டியது. குரல் வரும் அதே வயரினூடாகவே மின்சாரமும் போகவேண்டும் என்பது என்.ஆர்.கே.யின் விருப்பம். அவர்களுடைய கலையகங்களில் அவசரகால விளக்குகளுக்காக 48 வோல்ற் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. சரி, அதையே எடுப்போம் என்றார்கள். அதுவே பின்னர் உலக நியமமாகிவிட்டது. இரண்டு வயர்களிலும் ஒரே அளவு வோல்ற் போவதால் குரலுக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் 'ஃபான்ரம்', அதாவது பேய் மின்சாரம் என்று பெயர். பொத்தானை அழுத்த முதல் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 'டொம்' என்று காதில் அடிக்கும். பழைய 'ரிபன்' மைக் வைத்திருப்பவர்கள் அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

குரல் மின்சாரமான பிறகுதான் இலக்கம் வருகிறது. கருவி அந்த மின்சாரத்தை விநாடிக்கு 44,100 தடவை, அல்லது 48,000 தடவை அளந்து எழுதிக்கொள்கிறது. (இந்த 48க்கும் அந்த 48க்கும் ஒரு சொந்தமும் இல்லை.) ஏன் இவ்வளவு? மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வுவரை கேட்கும். அளவை அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கவேண்டும். இந்தக் கணக்கோடு பெயர் இணைந்திருக்கும் ஹரி நைக்குவிஸ்ட் எங்கள் பக்கத்துச் சுவீடனின் வார்ம்லாந்தில் 1889இல் பிறந்தவர்.

ஒவ்வோர் அளவையும் 16 பிற் என்றால் 65,536 படிகளில் ஒன்றாகப் பதியும். 24 பிற் என்றால் 1 கோடி 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். இதனால் ஒரு வசதி: குரலைச் சற்றுத் தாழ்வாகவே பதியலாம். கசெற் காலத்துப் பழக்கத்தில் முள்ளைச் சிவப்புவரை ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒலிநாடா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், இலக்கம் பொறுக்காது. பூச்சியத்தைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். உச்சக் குரல் கழித்தல் 12 டெசிபெல் அளவில் நின்றால் போதும். முதியவர்கள் திடீரென்று சிரிப்பார்கள், அதற்கும் இடம் வேண்டும்.

கோப்பை 'வேவ்' வடிவிலேயே வையுங்கள். 'எம்பி3' சிறியதுதான், காதுக்குத் தேவையில்லை என்று தான் நினைப்பதை அது எறிந்துவிடுகிறது. திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும். 48,000, 24 பிற், ஒற்றைத் தடத்தில் ஒரு மணித்தியாலம் சுமார் 518 மெகாபைற். இன்றைய கருவிகளுக்கு அது ஒரு பாரமில்லை. மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

பதிவின் தொடக்கத்தில் பேசுபவரின் பெயர், ஊர், திகதி ஆகியவற்றைச் சொல்லுங்கள். முடிந்த பின்னர் அரை நிமிடம் ஒருவரும் கதைக்காமல் அறையின் அமைதியையும் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது அது எங்களுக்கு உதவும். எங்களுக்குத் தரும்போது கைத்தொலைபேசியில் குரல் தகவலாக அனுப்பவேண்டாம், வழியிலேயே சுருங்கிவிடும். யு.எஸ்.பி.யில் போட்டுக் கொண்டுவாருங்கள்.