வட்டுப் பிழை மீண்டும் மீண்டும் வருவது ஏன்?

ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு, தரவுகளை 512 அல்லது 4096 பைட் கொண்ட செக்டர் என்னும் சிறு கூறுகளாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றோடும் பிழைதிருத்தக் குறிமுறையையும் சேர்த்து வைக்கிறது. அக்குறிமுறையாலும் ஈடுகட்ட முடியாத அளவுக்குக் காந்தப்பதிவு சிதைந்திருந்தால், வன்தட்டு அந்தச் செக்டரை உடனே விலக்கிவிடாமல், ஐயத்துக்குரியது என்று குறித்துக்கொண்டு, அதன்மீது மறுபடி எழுதப்படும்வரை காத்திருக்கிறது. எழுதும் முயற்சியும் தோற்றால்தான் மாற்றுச் செக்டர் அதன் இடத்துக்கு வருகிறது. ஒரே கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அதே பிழை தலைகாட்டுவதற்குப் பெரும்பாலும் இக்காத்திருப்பே காரணம்.

ஆனால் எல்லாப் பழியும் தட்டின்மேல் விழ வேண்டியதில்லை. வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், மாற்றப்பட்ட செக்டர்களைக் காட்டும் 5ஆம் வரியும் ஐயத்துக்குரியவற்றைக் காட்டும் 197ஆம் வரியும் ஏறிக்கொண்டே போனால் கோளாறு தட்டின் பரப்பில் இருக்கிறது. அவை சுழியமாகவே நிற்க, 199 மட்டும் ஏறினால், தரவு வரும் வழியில் சிதைகிறது என்று பொருள், அதாவது பெரும்பாலும் சாட்டா கேபிளை மாற்றினாலே தீர்ந்துவிடும் சங்கதி. 199இன் எண்ணிக்கை பின்னர் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் போதும். விண்டோஸின் செக் டிஸ்க் கோப்பு முறைமையின் கணக்கைச் சரிசெய்யுமேயன்றிக் காந்தப்பரப்பைச் செப்பனிடாது. நலிந்த தட்டை முழுவதும் வருடச்செய்வது அதன் முடிவை விரைவுபடுத்தவும் கூடும் ஆதலால், அதற்கு முன்பே கோப்புகளை நகலெடுத்துவிடுவது நல்லது.