தட்டினால் திறக்கும், தானாக மூடாது!



டையோடு, டிரான்சிஸ்டர் எல்லாம் நமக்குத் தெரியும். அதே குடும்பத்தில் பிறந்த எஸ்.சி.ஆர். பற்றி இங்கே சொல்கிறேன். இது 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் உருவானது.

டையோடில் பி, என் என்று இரண்டு அடுக்கு. டிரான்சிஸ்டரில் மூன்று. இதில் நான்கு: பி-என்-பி-என். கால்கள் மூன்று: ஆனோடு, கேத்தோடு, கேட்.

ஆனோடுக்குப் பிளஸ், கேத்தோடுக்கு மைனஸ் கொடுத்தாலும் கரன்ட் பாயாது. நடுவில் உள்ள சந்தி தடுக்கும். கேட்டில் துளி கரன்ட் கொடுத்தால் கதவு திறந்துவிடும். பிறகு கேட்டை எடுத்துவிட்டாலும் மூடாது! ஏன்? உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர் ஒட்டிக்கொண்டு இருப்பதாக நினைச்சுக்கோங்க. இது அதைத் தூண்டும், அது இதைத் தூண்டும். பாயும் கரன்ட் ஒரு அளவுக்குக் கீழே குறைந்தால்தான் நிற்கும்.

இதனால் என்ன பயன்? எங்க தெருவில் இரண்டு ஆடு களவு போச்சு. உடனே எங்க பட்டிக்கு அலாரம் செய்தேன். 4 பேனா செல், 2பி4எம் என்ற சின்ன எஸ்.சி.ஆர்., 4.7 கிலோ ஓம் மின்தடை, பஸ்ஸர், அதோடு பக்க இணைப்பில் 6 வோல்ட் டார்ச் பல்பு. பிளஸ்ஸிலிருந்து மின்தடை வழியாக கேட்டுக்கு இணைப்பு. கேட்டையும் கேத்தோடையும் சேர்க்கும் மெல்லிய கம்பியைப் படலில் சுற்றியிருக்கேன். கம்பி இருக்கும்வரை கரன்ட் அந்தச் சுலபமான வழியில் போய்விடும். படலைத் திறந்தால் கம்பி அறும், கரன்ட் கேட்டுக்குள் நுழையும், பஸ்ஸர் கத்தும். திருடன் கம்பியை மறுபடி முறுக்கினாலும் நிற்காது. செல்லைக் கழற்றினால்தான் நிற்கும். பல்பு எதற்கு? சில பஸ்ஸர் விட்டு விட்டுத்தான் கரன்ட் இழுக்கும். இடைவெளியில் கதவு மூடிக்கொள்ளாமல் பல்பு காக்கும்.

வீட்டு மின்சாரம் ஏ.சி.; 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 முறை கரன்ட் பூஜ்யமாகும். அதனால் எஸ்.சி.ஆர். தானே மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தாமதமாகத் திறக்கிறோமோ, அவ்வளவு குறைவாக மின்சாரம் போகும். இதன் தம்பி டிரையாக், இரண்டு திசையிலும் கரன்ட் விடும். விளக்கு டிம்மரிலும், பல எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரிலும் இருப்பது அதுதான். பழைய பெட்டி ரெகுலேட்டர் போல மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்காது.

ஒரு எச்சரிக்கை! செய்து பார்ப்பதை செல்லோடு நிறுத்துங்க. 230 வோல்ட்டில் விளையாட வேண்டாம். எஸ்.சி.ஆர். மூடியிருந்தாலும் லைன் உயிரோடுதான் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் இடைவேளையில் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு வாங்க. அலாரத்தைக் காட்டுகிறேன்.