தேவாலயப் பீட, பிரசங்க மேடை வரைபடங்கள்

கிறித்தவ ஆலயத்தின் உட்புறத்தில் அமையும் பலிபீடம், பிரசங்க மேடை, நற்கருணைப் பேழை, கிராதி முதலியவற்றைச் செய்வதற்கு அளவுடன் வரையப்பட்ட படங்களே இவை. மேலிருந்து பார்ப்பதாக வரையும் தரைப்படம், எதிரே நின்று பார்ப்பதாக வரையும் முகப்புப்படம், குறுக்கே அறுத்துக் காட்டும் வெட்டுப்படம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தச்சருக்கு வேலை நடக்கும்.

ஐரோப்பாவில் இவை அச்சு நூல்கள் வழியே பரவின. யேசு சபையைச் சேர்ந்த ஆந்திரேயா போட்ஸோ 1693, 1700 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட நூலில் பீட வடிவங்கள் பல உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் பட்டர்ஃபீல்டு ஆலயத் தளவாடங்களுக்கு வரைந்த படங்களும் தொகுப்பாக அச்சாயின.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல சான்று, எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயம். 'கிர்க்' என்றால் சென்னைவாசிகளுக்குத் தெரியும். லண்டன் புனித மார்ட்டின் ஆலயத்துக்கு ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் வட்ட வடிவில்தான் வரைந்தார். செலவு கூடும் என்று அது கைவிடப்பட்டது. ஆனால் 1728இல் வெளியிட்ட தம் நூலில் அந்தப் படங்களையும் சேர்த்திருந்தார். ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்டு கட்டிய கிர்க்கில் அந்த வட்டம் உயிர்பெற்றது. 16 தூண்களின் மேல் சுமார் 51 அடி விட்டமுள்ள குவிமாடம் நிற்கிறது. பிரசங்கம் கேட்பதே வழிபாட்டின் மையமான ஸ்காட்லாந்து சபைக்கு வட்டம் பொருத்தமாகவே இருந்தது. அதை வரைந்த கிப்ஸோ கத்தோலிக்கர்!

சபைக்குச் சபை மாறும் இந்த வேறுபாட்டைத் தரைப்படமே சொல்லிவிடும். நடுநாயகமாகப் பீடம் இருந்து, மேடை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அது கத்தோலிக்க அல்லது ஆங்கிலிக்க மரபு. மேடையே நடுவில் இருந்தால் பிரஸ்பிட்டேரிய அல்லது காங்கிரிகேஷனல் மரபு. கோவையில் 1830இல் அடிஸ் ஐயர் தொடங்கிய லண்டன் மிஷன் பணி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்க, பிரஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. பழைய அமைப்புகளும் அதன்பின் மெல்ல மெல்லக் கலந்தன.

கத்தோலிக்க ஆலயங்களில் மாற்றம் 1964க்குப் பின் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்த காலத்தில் வந்த அறிவுரை, குரு மக்களை நோக்கி நின்று பலி நிறைவேற்றும் வகையில் பீடம் சுவரைவிட்டுத் தள்ளி இருப்பது நல்லது என்றது. பழைய பீடங்களை இடிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இருந்தும் பல ஊர்களில் பீடங்களும் கிராதிகளும் அகற்றப்பட்டன. ஒலிபெருக்கி வந்ததும் உயரமான மேடைக்கும் வேலையில்லாமல் போயிற்று. மேடைக்கு மேலே கூரைபோல் இருக்கும் பலகை அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. குரல் மேலே சிதறாமல் மக்கள் பக்கம் திருப்ப வைத்தது. இது தெரியாமலேயே கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

அகற்றிய பின் அளவு தெரிய வரைபடம் ஒன்றே வழி. அது இல்லாத ஆலயங்களில், டைல்ஸ் பதிக்கவோ வெள்ளையடிக்கவோ தொடங்குமுன் பீடத்தின் உயரம், அகலம், ஆழம், படிகளின் எண்ணிக்கை, சுவரிலிருந்து தூரம் ஆகியவற்றை டேப் வைத்து அளந்து 1:20 அளவில் வரைந்துவிட வேண்டும். பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி நேர் எதிரே நின்று எடுத்த புகைப்படமும் வேண்டும். தேக்கு எது, சுதை எது, பளிங்கு எது என்று படத்திலேயே குறித்து, நாளையும் எழுதி ஆலயப் பதிவேடுகளோடு ஒரு படி வைக்கலாம். பாலிடெக்னிக் மாணவர் இருவர் ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலைதான்.