அதிரும் வீட்டில் இசைத்தட்டு

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர் இல்லங்களில், பெட்டி படுக்கைகளோடு பழைய இசைத்தட்டுகளும் வந்து சேர்ந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எங்கள் இல்லத்திலும் அவ்வாறே. தந்தையார் மறைந்த பின், என் தாயார் திருச்சியிலிருந்து கரக்பூருக்கு வந்தபோது, ஒரு தகரப் பெட்டியில் நாற்பது இசைத்தட்டுகளைக் கொணர்ந்தார். ஒவ்வோர் உறையின் மீதும் வாங்கிய தேதியும் விலையும் தந்தையாரின் கையெழுத்தில் இருந்தன. அவற்றுட் பல, கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சானவை. வங்காளத்தில் பிறந்து, தமிழகத்தில் வாழ்ந்து, மீண்டும் வங்காளத்துக்கே திரும்பிய தட்டுகள் அவை!

தாயார் மகிழட்டும் என்று புதியதோர் ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். நாங்கள் குடியிருக்கும் இரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நாற்பது கஜ தூரந்தான். நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி போகும்போது அலமாரியிலுள்ள பாத்திரங்களும் ஒலிக்கும். ஒரு விடியற்காலையில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வெங்கடேச சுப்ரபாதம் ஒலித்துக்கொண்டிருக்கையில் அத்தகைய வண்டி ஒன்று வந்தது. முள் துள்ளியது, தட்டின் மீது கீறல் விழுந்தது. தாயார் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. "எடுத்து வைத்துவிடப்பா, அப்பாவுடைய தட்டு வீணாகிவிடும்" என்றார். அன்று முதல் பாட்டு வைக்கும்படி கேட்பதையே நிறுத்திவிட்டார். அந்த மௌனந்தான் என்னை இவ்விஷயத்தை ஆராயத் தூண்டியது.

இசைத்தட்டின் பள்ளம் தலைமயிரினும் மெல்லியது. அதன் சுவர்களில் உள்ள நுண்ணிய நெளிவுகளை முள் உணர்ந்து மின்சாரமாக்குகிறது. பாட்டின் நெளிவு இது, தரையின் அதிர்வு இது என்று பகுத்தறிய அதற்கு இயலாது. மேலும், தட்டு தயாரிக்கையில் கீழ்ச் சுரங்களைக் குறைத்துப் பதிவு செய்கிறார்கள். ஒலிபெருக்கும் கருவி அவற்றை மீண்டும் உயர்த்துகிறது. நொடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலியோடு ஒப்பிட்டால், 20 அதிர்வுள்ள ஒலி ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்த்தப்படுகிறது. வண்டிகளால் நிலத்தில் எழும் அதிர்வுகளிற் பெரும்பகுதி நொடிக்கு 10 முதல் 80 வரை அமைவதால், அந்தச் சன்மானம் அவற்றுக்கும் கிடைத்துவிடுகிறது!

இதைத் தடுப்பதற்கென்றே அதிர்வு தாங்கும் பாதங்கள் கடைகளில் விற்கின்றன. முதலில் கூர்முனையுள்ள உலோகப் பாதங்களை இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். நிலைமை சிறிதும் மாறவில்லை. கூர்முனை கருவியை மேசையோடு இறுகப் பிணைப்பதேயன்றி, மேசையிலிருந்து பிரிப்பதில்லை. அடுத்து, கெட்டியான ரப்பர்ப் பாதங்கள் நான்கு வாங்கினேன். ஒவ்வொன்றும் இருபது கிலோ தாங்கும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். என் கருவியின் மொத்த எடையே ஆறு கிலோ! அவை அமுங்கவே இல்லை. அமுங்காத பாதம் அதிர்வை அப்படியே மேலே அனுப்பிவிடும்.

அப்போது எனக்கு வழிகாட்டியவர் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரியும் வங்காள நண்பர். நாங்கள் அவரை 'தாதா' என்றே அழைப்போம். "நாள்தோறும் இரயில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்கிறாயே!" என்று சிரித்தார். 1955-ல் தொடங்கிய நமது பெரம்பூர்த் தொழிற்சாலை 2018 வரை கட்டிய பழைய வகைப் பெட்டிகளில், சக்கரத்துக்கும் பெட்டிக்கும் இடையே சுருள் வில்கள் உண்டு. அவற்றோடு எண்ணெய் நிரம்பிய உருளைகளும் உண்டு. வில் மட்டும் இருந்தால் பெட்டி ஊஞ்சலாடும். எண்ணெய் அந்த ஆட்டத்தை அடக்கும். பெட்டியின் எடைக்கு ஏற்ற வில்லையே பொருத்துவார்கள். கனமான பெட்டியின் வில்லை இலேசான பெட்டிக்கு இட்டால் பயணிகளின் எலும்பு நோகும். "உன் பாதங்கள் செய்த தவறும் அதுதான்" என்றார் தாதா.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய குமாஸ்தாவாகிய எனக்கே விளங்கிய கணக்கை அன்பர்களுக்கும் கூறுகிறேன். கருவியை வைத்ததும் பாதம் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால், அந்தப் பாதத்தின் இயல்பான ஆட்டம் நொடிக்குச் சுமார் 16. நான்கு அமுங்கினால் 8. பதினாறு அமுங்கினால் 4. ரப்பரில் இது கணக்கைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். இயல்பான ஆட்டத்தைப் போல் இரு மடங்கு வேகமுள்ள அதிர்வு வந்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மேலே செல்லும். மூன்று மடங்கானால் எட்டில் ஒரு பங்கே. ஆனால் இரண்டும் சமமாகிவிட்டாலோ, அதிர்வு குறைவதற்கு மாறாகப் பெருகிவிடும்! முள் தாங்கும் கைக்கும் இயல்பான ஆட்டம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் 8 முதல் 12 வரை இருக்கும். ஆகவே பாதத்தின் ஆட்டம் அதற்கு நன்கு கீழே, ஐந்துக்குள் அமைதல் நன்று. இலேசான கருவிக்கு ரப்பர்ப் பாதங்களால் இவ்வளவு இறங்குவது அரிது.

நான் செய்தது யாதெனில், சமையல் மேடை வேலையில் மிஞ்சிய கடப்பைக்கல் துண்டு ஒன்றை வாங்கி, 45 சென்டிமீட்டர் நீளமும் 35 அகலமும் இருக்குமாறு அறுத்துக்கொண்டேன். அதன் எடை சுமார் பத்து கிலோ. குழந்தைகள் சைக்கிளின் 12 அங்குல டியூப் ஒன்றில் தளர்வாகக் காற்றடைத்து, அதைக் கல்லின் கீழ் வைத்தேன். கல்லின் மேல் கருவி. கல்லை மெல்ல அமுக்கிவிட்டு, அது ஆடுவதைக் கைப்பேசியில் மெதுவான படமாக எடுத்து எண்ணினேன். நொடிக்கு ஏறத்தாழ நான்கு! கல்லின் கனம் ஆட்டத்தைத் தாழ்த்தியது. ரப்பரும் காற்றும் அதை விரைவில் அடக்கின. செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ரசமட்டம் வைத்துச் சமம் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை காற்றையும் கவனிக்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. மோட்டாரை நிறுத்தி, சுழலாத பழைய தட்டின் மீது முள்ளை வையுங்கள். ஒலியை மிதமாக வைத்து, மேசையை விரல் முட்டியால் தட்டுங்கள். ஒலிபெருக்கியில் 'தொம்' என்ற ஓசை எவ்வளவு குறைவோ, பாதம் அவ்வளவு நல்லது.

இன்னும் சில எச்சரிக்கைகள். நடப்பவரின் காலடி நொடிக்கு இரண்டு என்ற அளவில் வருவதால், எந்தப் பாதமும் அதை முழுவதும் தடுக்காது. தரை ஆடும் வீடுகளில் கருவியைச் செங்கற்சுவரில் பொருத்திய பலகை மீது வைப்பதே உத்தமம். ஒலிபெருக்கிகளைக் கருவியோடு ஒரே மேசையில் வைக்காதீர்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயருக்கு விலையுயர்ந்த பாதங்கள் வாங்குவது வீண் செலவு. அதில் முள் இல்லை. ஒலிபெருக்கிகளின் கீழ் மென்மையான பாதங்களை இட்டால் கீழ்வீட்டாரின் நல்லெண்ணம் கிட்டும்.

சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலை, சுப்ரபாதம் ஒலிக்கும்போதே சரக்கு வண்டி வந்தது. பாத்திரங்கள் கலகலத்தன. தாயார் என் முகத்தைப் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன். முள் தன் வழியே சென்றது. ஆயினும், பழைய கீறல் வருமிடத்தில் தட்டு சுற்றுந்தோறும் 'டக்' என்ற ஓசை எழத்தான் செய்கிறது. பாதங்கள் இனி வரும் சேதத்தைத் தடுக்குமேயன்றி, வந்த காயத்தை ஆற்றமாட்டா. தந்தையார் அரை நூற்றாண்டுக் காலம் கீறலின்றிக் காத்த தட்டை, நான் ஒரே காலையில் கீறிவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆகவே, பெரியோர் சேர்த்த இசைத்தட்டுகளை வைத்திருக்கும் அன்பர்கள், முதல் தட்டைச் சுழலவிடுமுன் பாதத்தைக் கவனிப்பார்களாக. விலையைப் பார்க்க வேண்டாம், எடையைப் பாருங்கள். இப்போது தாயார் நாள்தோறும் மாலையில், "இன்று எந்தத் தட்டு, தம்பி?" என்று கேட்கிறார்.