வண்டிக்கு எந்தச் சோப்பு?

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அதில் துணி துவைக்கும் சோப்புத்தூள் ஒரு பிடி. ஒரு பழைய பனியன். சின்னப் புட்டியில் கொஞ்சம் டீசல். நம் நாட்டில் எத்தனையோ வாசல்களில் இதைப் பார்க்கலாம். கடன் வாங்கி எடுத்த வண்டி. தவணை இன்னும் முடிந்திருக்காது. அதனால்தான் இவ்வளவு அக்கறை. ஆனால் அந்த வாளியில் இருப்பதும் புட்டியில் இருப்பதும் வண்டிக்கு நல்லதா?

சோப்புத்தூளில் பெரும்பாலும் சலவைச் சோடா இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது அதன் வேலை. சட்டைக் காலருக்கு அது தேவை. வண்டியின் பெயிண்டுக்கோ மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது. சோப்புத்தூள் அந்த மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். அடிக்கடி போட்டால் பளபளப்பு மங்கும். கரையாத தூள் துணியில் ஒட்டிக்கொண்டு கீறலும் போடும்.

வண்டிக்கென்றே ஷாம்பு கிடைக்கிறது. அது மென்மையானது. மெழுகை அதிகம் அரிக்காது. அது கிடைக்காவிட்டால் தலைக்குப் போடும் ஷாம்பு பாக்கெட் ஒன்றை வாளித் தண்ணீரில் கலக்கலாம். சோப்புத்தூளைவிட அது மேல்.

விலை குறைந்த புட்டி லாபமா? கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு புட்டி 200 மில்லி, விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாளிக்கு 10 மில்லி போதும். அப்படியானால் 20 வாளிக்கு வரும். ஒரு வாளிக்கு 5 ரூபாய் ஆகிறது. இன்னொரு புட்டியும் 200 மில்லிதான். விலை 60 ரூபாய். ஆனால் வாளிக்கு 40 மில்லி ஊற்ற வேண்டும். 5 வாளியோடு தீர்ந்துவிடும். ஒரு வாளிக்கு 12 ரூபாய்! எவ்வளவு கலக்க வேண்டும் என்பது புட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும். விலையைப் பார்க்கும்போது அதையும் பார்க்க வேண்டும்.

எந்தச் சோப்பாக இருந்தாலும் முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைப் போக்க வேண்டும். ராஜஸ்தானில் வண்டியில் படிவது மணல். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத்தான். மும்பை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அங்கே கழுவித் துடைத்த பிறகு மெழுகு பாலிஷ் போடுவது நல்லது. மழைக்காலத்துக்கு முன்பு கட்டாயம் போட வேண்டும்.

இனி அந்த டீசல் புட்டி. டீசலில் துடைத்தால் டயர் கருகருவென்று மின்னும். ஆனால் டீசல் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். டயருக்குச் சோப்புத் தண்ணீரே போதும். டயர் பாலிஷ் போட விரும்பினால் பக்கவாட்டில் மட்டும் போடலாம். சாலையில் உருளும் பகுதியில் போட்டால் வண்டி வழுக்கும். சீட்டுக்கும் பாலிஷ் வேண்டாம். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் பெண் சறுக்கி விழுந்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான இடம் பிரேக். பல வண்டிகளில் சக்கரத்தின் நடுவே வட்டமான இரும்புத் தட்டு இருக்கிறது. அதற்கு டிஸ்க் என்று பெயர். இரண்டு பக்கமும் பிரேக் பேட் இறுகப் பிடிப்பதால்தான் வண்டி நிற்கிறது. தட்டு மின்ன வேண்டும் என்று சிலர் அதிலும் எண்ணெய்த் துணியைப் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு பிரேக் பிடித்தாலும் சரியாகப் பிடிக்காது. எண்ணெய் ஊறிய பேடை மாற்றித்தான் ஆக வேண்டும். டிஸ்க்கில் எண்ணெய், மெழுகு, பாலிஷ் எதுவும் படக்கூடாது. கழுவி முடித்ததும் வண்டியை மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். ஈரமும் காய்ந்துவிடும்.

செயினில் ஒட்டிய பழைய கிரீஸ் சோப்புக்குப் போகாது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் தேய்க்க வேண்டும். துடைத்த பிறகு செயின் எண்ணெய் விட வேண்டும். சிலர் மண்ணெண்ணெய்க்குப் பதில் பெட்ரோலை எடுக்கிறார்கள். அது வேண்டாம். பெட்ரோல் ஆவி தரையோடு பரவும். எட்ட இருக்கும் பீடி நெருப்பும் அதைப் பற்ற வைக்கும். 2000ஆம் ஆண்டில் பெட்ரோலில் ஈயம் கலப்பது நம் நாட்டில் நின்றது. ஆனால் பென்சீன் அதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வெறுங்கையைப் பெட்ரோலில் நனைப்பது நல்லதல்ல.

துருவையும் வெள்ளைக் கறையையும் எடுக்கச் சிலர் கழிவறை ஆசிட் ஊற்றுவார்கள். கறை போகும். குரோமும் அலுமினியமும் சேர்ந்து போகும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சில்லறையில் ஆசிட் விற்பதற்கு 2013இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது.

கடையில் புட்டி வாங்கும்போது லேபிளைப் பார்ப்பது நம் உரிமை. தயாரித்தவர் பெயரும் முகவரியும், அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல எண், எல்லாம் இருக்க வேண்டும். இது 2011ஆம் ஆண்டு விதி. எழுத்து இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். எண்கள் எல்லாருக்கும் புரியும். தீச்சுடர் படம் இருந்தால் தீப்பிடிக்கும் பொருள். கையை அரிப்பது போன்ற படம் இருந்தால் கையுறை தேவை. லேபிளே இல்லாமல் சில்லறையாக ஊற்றித் தரும் ‘ஸ்பெஷல் லிக்விட்’ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மிச்சம் இருக்கும் மண்ணெண்ணெயைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தைக்கு அது தண்ணீர்தான். தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வாந்தி வரும்போது மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். புட்டியையும் கையோடு கொண்டு போக வேண்டும். குடித்தது என்ன என்று டாக்டர் கேட்பார்.